மக்ரூன் அழுத கதை

எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் சென்னைக்குத் திரும்பும் நாளில், முத்துநகர் எக்ஸ்பிரஸ் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது அப்பா சைக்கிளை எடுப்பார். அரைக் கிலோ மக்ரூன் வாங்கி வருவார். பெட்டி, பை எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் அது வரும். மேலே எது விழுந்தாலும் மாவாகிவிடும் என்பதால் பெட்டிக்குள் வைக்க முடியாது. எழும்பூர் போய்ச் சேரும்வரை யாராவது ஒருவர் மடியில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

தூத்துக்குடி மக்ரூனைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சின்னக் கூம்பு. அடி அகலமாக, மேலே போகப்போகக் குறுகி, உச்சியில் வால் மாதிரி ஒரு சுழி. நிறம் வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, பழைய தந்தத்தின் நிறம். கையில் எடுத்தால் எடையே தெரியாது. வாயில் வைத்தால் கடிக்க வேண்டாம், தானாகக் கரையும். கரைந்த பிறகு நாக்கில் முந்திரித் துகள் மட்டும் நிற்கும். அதை மெல்லும்போதுதான் ருசி முழுசாக வரும்.

இதில் போடுவது மூன்றே பொருள்: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு. மைதா இல்லை, வெண்ணெய் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் கூடச் சேர்ப்பதில்லை. கல்யாணமாகி சென்னைக்கு வந்த புதிதில், மூன்று பொருள்தானே, வீட்டில் செய்ய முடியாதா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை நாலு வருடமும் எத்தனையோ கிலோ பருப்பும்.

முதல் தடவை கெட்டது மிக்ஸியிலேயே. முந்திரியை ஜாரில் போட்டு ஒரே ஓட்டமாக ஓட்டினேன். ஒரு நிமிடத்தில் ஜாரின் ஓரத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு சுற்றியது. திறந்து பார்த்தால் களிமண் மாதிரி உருண்டை. பருப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுப்புதான். ஜார் சூடேற ஏற எண்ணெய் வெளியே வந்துவிடும். இப்போது பருப்பை அரை மணி நேரம் வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, அளந்து வைத்த சீனியில் இரண்டு கரண்டியையும் அதோடு போட்டு, விட்டு விட்டுத் திருகுகிறேன். மூன்று திருகு, நிறுத்து, ஜாரைக் குலுக்கு, மறுபடி மூன்று திருகு. ரவை சலிக்கிற சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மட்டும் திரும்ப அரைக்கிறேன். முழுப்பருப்பு வாங்க வேண்டியதே இல்லை. பொடியாகப் போகிற பருப்புக்கு முழுசுக்கு உண்டான விலை எதற்கு? உடைந்த பருப்பே போதும், நிறம் வெளுப்பாக இருந்தால் சரி.

அடுத்தது வெள்ளைக்கரு. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மிச்சம் பெரும்பாலும் புரதம். அடிக்கும்போது அந்தப் புரதம் விரிந்து, உள்ளே வருகிற காற்றைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு கட்டிக்கொள்கிறது. அந்தச் சவ்வைக் கட்டவிடாமல் செய்ய ஒரு துளி கொழுப்பு போதும். முட்டையின் கொழுப்பெல்லாம் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டது புத்தகத்தில் படித்தல்ல. பதினொரு முட்டையின் வெள்ளைக்கரு சேர்ந்திருந்த பாத்திரத்துக்கு நேர் மேலே பன்னிரண்டாவதை உடைத்தேன். மஞ்சள் கரு கிழிந்து ஒரு கோடு போல உள்ளே இறங்கியது. எடுத்துவிடலாம் என்று கரண்டியால் துழாவத் துழாவ அது கலந்துகொண்டே போனது. இருபது நிமிடம் அடித்தும் சோப்பு நுரை மாதிரிதான் நின்றது. அன்றிரவு பக்கத்து வீட்டு மாமி வரைக்கும் ஆம்லெட் போனது.

அன்றிலிருந்து ஒவ்வொரு முட்டையையும் தனியே ஒரு டம்ளரில்தான் உடைக்கிறேன். சுத்தமாக இருந்தால்தான் பெரிய பாத்திரத்துக்குப் போகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, உடைத்தால் மஞ்சள் கரு இறுகி இருக்கும், பிரிப்பது சுலபம். அடிப்பதற்கு முன் மட்டும் அரை மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். பாத்திரம் எவர்சில்வர். பிளாஸ்டிக் வேண்டாம், எத்தனை தேய்த்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு எங்காவது தங்கியிருக்கும். எவர்சில்வரையும் எலுமிச்சைத் தோலால் ஒரு துடைப்புத் துடைத்து, துணியால் காயத் துடைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் சீனி. இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள், நானும்தான். வெள்ளைக்கரு நுரைத்து, கம்பி போன தடம் லேசாகத் தெரிய ஆரம்பித்த பிறகு ஒரு கரண்டி போட்டு, அரை நிமிடம் அடித்து, அடுத்த கரண்டி. மொத்தமாகக் கொட்டினால் சீனியின் பாரத்தில் நுரை எழும்பாது. கரைந்ததா என்று பார்க்க வேறு கருவி வேண்டாம். கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் இன்னும் அடிக்க வேண்டும். நான் ஆரம்பத்தில் அந்த நறநறவை ‘பரவாயில்லை, அடுப்பில் கரைந்துவிடும்’ என்று விட்டேன். கரைந்தது, ஆனால் கூம்பின் அடியில் பாகாக வழிந்து பழுப்புத் துளிகளாக நின்றது. ஒவ்வொரு மக்ரூனும் உட்கார்ந்து அழுத மாதிரி இருந்தது.

இந்தப் பண்டம் எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்டால், ஊரில் எல்லோரும் போர்ச்சுகீசியர் என்றுதான் சொல்வார்கள். முத்துக்காக 16ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள். 1658இல் டச்சுக்காரர்கள் அவர்களிடமிருந்து ஊரைப் பிடித்தார்கள். ஐரோப்பாவில் இதைப் பாதாம் பருப்பில் செய்வார்கள். இங்கே பாதாம் ஏது? கொல்லத்துப் பக்கம் முந்திரி கிடைத்தது, அதைப் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த முந்திரி மரத்தையும் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து நட்டவர்கள் போர்ச்சுகீசியர்தான். எங்கள் ஆச்சி கடைசிவரை முந்திரி என்று சொன்னதில்லை, அண்டிப்பருப்பு என்பார். மக்ரூனும் அவருக்கு ‘மக்ரோனி’தான். நாங்கள் சிரிப்போம். பிறகுதான் தெரிந்தது, மக்ரோனி, மக்ரூன் இரண்டுக்கும் மூலம் ஒரே இத்தாலியச் சொல்தான். ஆச்சி அவ்வளவு ஒன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை.

சரி, அடுப்புக்கு வருகிறேன். என்னிடம் இருந்தது ஒரு சின்ன ஓடிஜி, கேக் சுடுகிற மின்சார அடுப்பு. எங்கோ படித்த குறிப்பில் 150 டிகிரி, 20 நிமிடம் என்று இருந்தது. வைத்தேன். வெளியே பிஸ்கட் நிறம், உள்ளே பிசின். பல்லில் ஒட்டியதை எடுக்க ஈர்க்குச்சி தேவைப்பட்டது. 130க்குக் குறைத்தேன், நிறம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு 400 ரூபாய்க்குள் அடுப்புச் சூடு பார்க்கிற ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தால், திருகியில் 110 வைத்தால் உள்ளே 140 காட்டுகிறது. இத்தனை நாள் திருகியை நம்பி நான் பண்ணியதெல்லாம் வீண். ஓடிஜி வைத்திருப்பவர்கள் வேறு எதை வாங்காவிட்டாலும் இதை வாங்கிவிடுங்கள்.

அந்த வருடம் ஏப்ரல், மே மாதங்களில் எனக்கு மக்ரூன் நன்றாகவே வந்தது. உள்ளே 110 டிகிரி இருக்கும்படி திருகியை வைத்து, ஒரு மணி நேரம் விட்டேன். வெள்ளையாக, மொறுமொறுவென்று இருந்தது. கற்றுக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தேன். வெயில் எனக்கு எவ்வளவு உதவி செய்திருக்கிறது என்பது நவம்பரில்தான் புரிந்தது.

நவம்பரில் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. மயினி, அதாவது அண்ணி, போன் பண்ணினார். “தாம்பூலப் பையில லட்டு, மைசூர்பாகுன்னு எல்லாரும் குடுக்காங்க. நீ பண்ணுத மக்ரூனையே போட்டுருவோம், ஆளுக்கு ரெண்டு. நம்ம ஊரு பண்டம்னு சொல்லலாம்லா?” நூற்றைம்பது பை, முந்நூறு மக்ரூன். ஆசையாக ஒத்துக்கொண்டேன். மூன்று முட்டைக்கு முப்பத்தைந்திலிருந்து நாற்பது வரும், ஆக எட்டு ஈடு. இரண்டு நாள் வேலை. ஓடிஜியில் ஒரு தட்டுக்கு மேல் கொள்ளாது என்பதால், முந்தைய தட்டு வெளியே வந்த உடனே அடுத்தது உள்ளே. நேரம் போதாமல் ஒரு மணி நேரத்தை ஐம்பது நிமிடமாக்கினேன். வெளியே எடுத்தது லேசாகச் சூடாக இருக்கும்போதே டப்பாவில் அடுக்கினேன். வெளியே மூன்றாவது நாளாக மழை.

வளைகாப்பு அன்று காலை ஆறு மணிக்கு முதல் டப்பாவைத் திறந்தேன். கூம்புகள் ஒன்றோடொன்று சாய்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்தால் நாலு வந்தது. இரண்டாவது டப்பாவில் அடி அடுக்கு மொத்தமும் ஒரே பாளம். என் வீட்டுக்காரர் ஒரு கரண்டியை எடுத்து வந்து, “ருசி நல்லாத்தான் இருக்கு” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், எனக்கு அடிக்கத் தோன்றியது. மயினி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண்டபத்துக்குப் போகிற வழியில் கடலைமிட்டாய் பாக்கெட் வாங்கிப் பைகளில் போட்டார். கோவில்பட்டிக் கடலைமிட்டாய், அதுவும் எங்கள் மாவட்டம்தான், ஆகவே ‘நம்ம ஊரு பண்டம்’ என்ற பேச்சு மட்டும் பொய்யாகவில்லை.

அடுத்த மே மாதம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொல்லி, அவருக்குத் தெரிந்த ஒரு பேக்கரியின் பின்கட்டில் ஒரு மத்தியானம் நிற்க இடம் வாங்கினேன். விறகு அடுப்பு. செங்கல் சுவர், இரும்புக் கதவு, உள்ளே இருட்டு. காலையில் ரொட்டியும் பன்னும் எடுத்தாகிவிட்டது, கங்குகளை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். மக்ரூன் போடுகிற அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைக் காகிதத்தைக் கையாலேயே கூம்பாகச் சுருட்டி, கலவையை நிரப்பி, மேல்வாயை மடித்து, நுனியைக் கத்தரித்தார். தட்டில் பிழிந்தார். ஒரு அழுத்து, மேலே ஒரு இழுப்பு, மணிக்கட்டில் ஒரு வெட்டு. அந்த வெட்டில்தான் சுழி விழுகிறது. ஒரு தட்டில் பத்துப் பத்தாக வரிசை, ஒன்றுகூட அளவு மாறவில்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன், அவர் தட்டைப் பார்த்துப் பிழியவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டுதான் பிழிந்தார்.

தட்டை உள்ளே தள்ளும் முன் கையை அடுப்புக்குள் நீட்டி, எதையோ மனசுக்குள் எண்ணினார். “கை பொறுக்கலேன்னா இன்னும் நேரம் ஆகலேன்னு அர்த்தம்” என்றார். எத்தனை நிமிடம் வைப்பீர்கள் அண்ணாச்சி என்று கேட்டேன். சிரித்தார்.

“தங்கச்சி, இது ரொட்டி இல்ல, வேகுறதுக்கு. உள்ள இருக்க ஈரத்தை வெளிய அனுப்பணும், அம்புட்டுதான். சூட்டைக் கூட்டினா மேல்தோல் மூடிக்கும், ஈரம் எங்கன போகும்?”

நான் செய்த தப்பு எல்லாம் அந்த ஒரு பேச்சில் வரிசையாகத் தெரிந்தது. 150 டிகிரியில் பிசின் ஆனது ஏன், மே மாதம் சரியாக வந்தது ஏன், நவம்பரில் அழுதது ஏன். நான் சுட்டுக்கொண்டிருந்தேன். அவர் உலர்த்திக்கொண்டிருந்தார். வடகம் காயப்போடுகிற வேலைதான், வெயிலுக்குப் பதிலாக அடுப்பு.

சென்னைக்கு வந்ததும் செய்த முதல் காரியம், தட்டைத் தராசில் வைத்தது. மூன்று வெள்ளைக்கரு 95 கிராம், சீனி 150, முந்திரிப்பொடி 130. ஆக மொத்தம் 375 கிராம். அந்த 95 கிராமில் ஏறக்குறைய 85 கிராம் தண்ணீர். அப்படியானால் மக்ரூன் ஆகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள நிறத்தைப் பார்த்து என்ன பயன்? எடையைத்தானே பார்க்க வேண்டும்? காகிதம் விரித்த வெறும் தட்டை முதலில் நிறுத்தேன், பிழிந்த பிறகு நிறுத்தேன், ஒரு மணி நேரம் கழித்து நிறுத்தேன். 40 கிராம்தான் இறங்கியிருந்தது. பாதித் தண்ணீர் இன்னும் உள்ளேயே. நவம்பரில் நான் டப்பாவில் அடைத்தது அதைத்தான். ஒன்றரை மணி நேரத்தில் 60 இறங்கியது. அடுப்பை அணைத்து, அப்படியே உள்ளேயே இரவு முழுக்க விட்டுக் காலையில் பார்த்தால் 70க்குக் கொஞ்சம் மேல். உடைத்தால் நடுப்பகுதி வரைக்கும் ஒரே மாதிரி, ஈரத்தின் சுவடே இல்லை. இப்போது எனக்கு நேரக் கணக்கு கிடையாது. எடை 70 கிராம் குறையும்வரை அது மக்ரூன் இல்லை.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். தட்டிலிருந்து புறப்படுகிற ஆவி ஓடிஜிக்குள்ளேயே சுற்றினால் எப்படி உலரும்? முதல் முக்கால் மணி நேரம் கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியின் காம்பைச் செருகி வைக்கிறேன். விரற்கடை இடைவெளி போதும். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் முந்திரி வாசத்தோடு ஈரக்காற்று வருவது தெரியும். அந்த ஈரக்காற்று நின்ற பிறகு கரண்டியை எடுத்துவிட்டுக் கதவை மூடுவேன். கதவு திறந்திருக்கும்போது சூடு இறங்கும் என்பதால் தெர்மாமீட்டரைப் பார்த்து திருகியை ஒரு புள்ளி கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் இரண்டு ஈடுக்கு மேல் போடுவதில்லை. மயினியிடம் சொல்லிவிட்டேன், ஐப்பசி, கார்த்திகையில் என்னை எந்த விசேஷத்துக்கும் மக்ரூன் கேட்காதீர்கள் என்று.

பருப்புப் பொடி சேர்க்கும்போது மட்டும் கையை அடக்க வேண்டும். நுரையின் மேல் மூன்று தவணையாகத் தூவி, அடியிலிருந்து மேலே மடித்து மடித்துக் கலக்க வேண்டும். பொடி கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் இரண்டு சுற்று என்று ஆசைப்பட்டால் கலவை தளர்ந்து, பிழிந்த கூம்பு உட்கார்ந்து வரட்டி ஆகிவிடும்.

அந்த ‘இன்னும் இரண்டு சுற்று’தான் பிரெஞ்சுக்காரர்களின் மக்கரோனுக்கு வழி என்பது பின்னால் தெரிந்தது. என் மகள் எட்டாம் வகுப்பில் ஒரு தோழியின் பிறந்தநாளில் அதைச் சாப்பிட்டுவிட்டு வந்து, “அம்மா, நீ பண்றது மாதிரிதான், ஆனா கலர் கலரா, சாண்ட்விச் மாதிரி இருக்கு” என்றாள். ஒன்றுவிட்ட சொந்தம்தான். பிரான்சில் புரட்சி நடந்த காலத்தில் நான்சி என்ற ஊரில் மடம் மூடப்பட்டு வெளியே வந்த இரண்டு கன்னியாஸ்திரிகள் மக்கரோன் செய்து விற்றுப் பிழைத்திருக்கிறார்கள். அது ஒற்றை வட்டம், மேலே வெடிப்பு விழுந்த, அலங்காரம் இல்லாத பண்டம். இரண்டு ஓடுகளை ஒட்டி நடுவில் பூரணம் வைக்கிற பழக்கம் 20ஆம் நூற்றாண்டில் பாரிசில் வந்தது. வயதில் சின்னவனான இந்தத் தம்பிதான் இன்றைக்கு உலகமெல்லாம் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

ஒருநாள் வகுப்பு ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பன்னிரண்டு பேர், ஒரு மேசை, சொல்லிக்கொடுத்தவர் செய்ததை எட்டிப் பார்த்துவிட்டு ஆளுக்கு நாலு மக்கரோனும் ஒரு சான்றிதழும் வாங்கிக்கொண்டு வந்தோம். வீட்டில் செய்தபோது முதல் ஆறு தடவையும் வெடித்தது. கேட்கலாம் என்று போன் செய்தால், “முட்டை சரியில்லாமல் இருக்கும்” என்று வைத்துவிட்டார்.

முட்டையில் குறை இல்லை. சென்னைக் காற்றில்தான் இருந்தது. பிழிந்த வட்டங்களை அடுப்பில் வைக்கும் முன், மேலே தோல் கட்டும்வரை வெளியே காயவிட வேண்டும். விரலால் தடவினால் ஒட்டக்கூடாது. அந்தத் தோல் கட்டியிருந்தால், சூட்டில் எழும்புகிற ஆவி மேலே உடைத்துக்கொண்டு வராமல் அடிப்பக்கமாக வழிதேடும். அப்போதுதான் ஓரத்தில் ஜரிகை மாதிரி ஒரு கரை விழும். அந்தக் கரையைத்தான் அவர்கள் ‘கால்’ என்று சொல்கிறார்கள். குறிப்பில் 30 நிமிடம் என்று போட்டிருந்தார்கள். என் சமையலறையில் இரண்டு மணி நேரம் ஆகியும் தோல் கட்டவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கையறையில் ஏசி போட்டுக் கட்டிலின் மேல் வைத்தேன். நாற்பதாவது நிமிடம் விரலில் ஒட்டவில்லை. அன்றைக்கு முதல் தடவையாகக் கால் வந்தது. மகள் ஓடிஜிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, “வருதும்மா, வருதும்மா” என்று கத்தினாள்.

நான் கையாளும் அளவு: வெள்ளைக்கரு 100 கிராம், சீனி 100, பாதாம் பொடி 130, பொடித்த சீனி 130. பாதாம் பொடியையும் பொடித்த சீனியையும் சேர்த்து இரண்டு தடவை சலிக்க வேண்டும். கலக்கும்போது, ஊர் மக்ரூனில் எதைச் செய்யக்கூடாது என்று சொன்னேனோ அதை இங்கே வேண்டுமென்றே செய்ய வேண்டும். நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். கரண்டியைத் தூக்கினால் கலவை அறுந்து விழாமல் நாடா மாதிரி இறங்க வேண்டும். இறங்கிய தடம் பத்து, பதினைந்து விநாடியில் தானாக மறைய வேண்டும். மறையாவிட்டால் வட்டத்தின் மேல் மூக்கு நிற்கும். உடனே மறைந்தால் தாண்டிப்போய்விட்டது என்று பொருள், தட்டில் பரவிவிடும். பிழிந்ததும் தட்டை மேசையில் நாலு தட்டுத் தட்டிக் காற்றுக் குமிழிகளை உடைத்துவிட வேண்டும். 150 டிகிரியில் 15 நிமிடம். முழுசாக ஆறிய பிறகே காகிதத்திலிருந்து உரிக்க வேண்டும். கலருக்குத் தண்ணீர்க் கலர் வேண்டாம், ஜெல் அல்லது பொடி.

நடுவில் வைக்க உடன்குடிக் கருப்பட்டியைப் பாகாக்கி ஊற்றிப் பார்த்தேன், ஒரே இரவில் ஓடு ஊறிக் கூழாகிவிட்டது. டார்க் சாக்லேட்டைக் கிரீமோடு உருக்கி ஆறவைத்து, அதில் துருவிய கருப்பட்டியைக் கொஞ்சமாகக் கலந்தால் நிற்கிறது. பூரணம் வைத்து ஒட்டியதை ஒருநாள் ஃபிரிட்ஜில் மூடி வைத்துச் சாப்பிடுங்கள். செய்த அன்று ஓடு தனி, பூரணம் தனியாக இருக்கும். மறுநாள் ஓடு பூரணத்தின் ஈரத்தைக் கொஞ்சம் இழுத்து மெத்தென்று ஆகும். பாருங்கள், அண்ணன் ஈரம் பட்டால் செத்தான், தம்பிக்கு ஈரம் இருந்தால்தான் உயிர்.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் சந்தேகமே இல்லை, அண்ணன்தான். தம்பி கண்ணுக்கு அழகு. ஆனால் இரண்டு சாப்பிட்டால் திகட்டிவிடும்.

இரண்டிலும் ஒரே தொல்லை, மிஞ்சுகிற மஞ்சள் கரு. இதற்கும் போர்ச்சுகல்லில் ஒரு கதை சொல்வார்கள். அங்கே மடங்களில் உடுப்புக்குக் கஞ்சி போட வெள்ளைக்கருவை எடுத்துக்கொண்டதால், மிஞ்சிய மஞ்சள் கருவில் விதவிதமாக இனிப்பு செய்தார்களாம். அவர்கள் ஊரில் மஞ்சளுக்கு வழி பிறந்தது, எங்கள் ஊரில் வெள்ளைக்கு. நான் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டு மஞ்சள் கரு, வெண்ணெய் 100 கிராம், பொடித்த சீனி 60, மைதா 150, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயும் சீனியும் வெளுக்கக் குழைத்து, கருவைச் சேர்த்து, மைதாவைப் போட்டு, பிசையாமல் சும்மா ஒன்று சேர்த்து உருட்டி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, வில்லையாக வெட்டி 160 டிகிரியில் 16 நிமிடம். கருவிலும் வெண்ணெயிலும் இருக்கிற கொழுப்பு மைதாவை இழுபட விடாது. அதனால் கடித்தால் மணலாக உதிரும். மூன்றாவது மஞ்சள் கரு மறுநாள் காலைத் தோசை மேல் போகும்.

வைக்கிற விதம் ஒன்று பாக்கி. மக்ரூன் முழுக்க ஆறிய பிறகு, கை வைத்தால் குளிர்ச்சியாகவே தெரியும் வரை காத்திருந்து, காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும். மாத்திரை டப்பாக்களில் வருகிற அந்தச் சின்ன ஈரம் உறிஞ்சும் பையை, பிரிக்காமல், ஒரு காகித மடிப்பில் வைத்து டப்பாவின் மூடியில் ஒட்டிவிடுகிறேன். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. வெளியே எடுத்ததும் வேர்க்கும், வேர்த்தால் கதை முடிந்தது. ஏற்கெனவே நமுத்துப்போயிருந்தால் தூக்கிப் போட வேண்டாம். 100 டிகிரியில் இருபது நிமிடம் வைத்து, அடுப்புக்குள்ளேயே ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். வளைகாப்பு அன்றைக்கு இது தெரிந்திருந்தால் பாதிப் பைகளாவது தப்பித்திருக்கும்.

போன மாதம் அப்பா வந்திருந்தார். இப்போதும் மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தார். ஊர் மக்ரூனையும் என்னுடையதையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுவிட்டு, “அதுல விறகு வாசம் இருக்கும்மா, இதுல இல்ல” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது என் டப்பாவில் இருந்து பத்துப் பன்னிரண்டை எடுத்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டால், சும்மா என்றார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. பேக்கரிக்குக் கொண்டுபோய் அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறார். “ஈரம் இல்லையாம், நல்லாக் காஞ்சிருக்காம். பருப்பை மட்டும் இன்னும் கொஞ்சம் கொரகொரப்பா விடச் சொன்னாரு. மாவா அரைச்சுட்டியாம்.”

ரவை சல்லடையை எடுத்து வைத்துவிட்டு, அதைவிடக் கண் பெரிய சல்லடை ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். வெயில் அடித்தால் நாளைக்குப் பருப்பு காயப்போட வேண்டும்.